மதராஸ் மோட்டார் கதை – 14: பெருங்களத்தூரின் மூத்ததும் இளையதும்

ஒரே தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருட இடைவெளியில் பிறந்த இரண்டு கார்களை இந்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஒன்று, 1961இன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மற்றது, 1985இன் ஸ்டாண்டர்டு 2000. போன வாரம் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரோடு நிறுத்தியிருந்தேன். அடுத்து எயிட், டென், பென்னன்ட் என்று வரிசையாகப் போவதுதான் முறை. ஆனால் அந்த வேன்கார்டின் எஞ்சினை வாசகர்கள் மறப்பதற்குள் இந்த ஒப்பீட்டை முடித்துவிட வேண்டும். காரணம் போகப்போகத் தெரியும். நடுவில் விட்டுப்போகும் சின்னக் கார்களுக்குப் பிறகு வருவோம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சிறு முன்கதை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் மதராஸின் யூனியன் கம்பெனியும் கைகோத்து 1948இல் தொடங்கியதுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் அதன் தொழிற்சாலை. ஐம்பதுகளில் டில்லி எடுத்த முடிவு எளிமையானது: பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம், பாகங்களை இங்கேயே செய்யத் தயாராக இருப்பவர்கள் தங்கலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பின. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மதராஸில் ஸ்டாண்டர்டு என்று கார் செய்கிறவர்கள் மூவர் மிஞ்சினார்கள். அந்த மூன்றாவது நாற்காலியின் கதைதான் நாம் பார்த்துக்கொண்டிருப்பது.

ஹெரால்டு இங்கே வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1959 ஏப்ரலில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அறிமுகமானது. ஸ்டாண்டர்டுக்குச் சொந்தமான இன்னொரு பெயர்தான் டிரையம்ப். அங்கே டிரையம்ப், இங்கே ஸ்டாண்டர்டு, கார் ஒன்றுதான். உருவம் வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. கூரான விளிம்புகள், பின்பக்கம் லேசாகத் தூக்கிய துடுப்புகள், நாலா பக்கமும் கண்ணாடி. உருண்டு திரண்ட அம்பாசடரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எவ்வளவு புதிதாகத் தெரிந்திருக்கும் என்பதை இப்போது கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

அதன் உள்கட்டுமானத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. ஸ்டாண்டர்டுக்கு உடற்கூடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனம். 1953இல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. முழுக் கூட்டையும் ஒரே துண்டாகப் பற்றவைத்துத் தரும் பெரிய பட்டறை எதுவும் ஸ்டாண்டர்டுக்கு மிஞ்சவில்லை. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர், எல்லோரும் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய வழிக்கே திரும்பினார். கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த கூட்டை போல்ட் போட்டு இறுக்குவது. துண்டுகள் சின்னவையாக இருந்தால் சின்னப் பட்டறைகளிலேயே அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

இங்கிலாந்துக் கார் விமர்சகர்கள் இதைப் பின்னோக்கிய நடை என்றார்கள். அவர்கள் பார்வையில் அது சரிதான். ஆனால் பெரிய பிரஸ் எந்திரங்களுக்கு வசதியில்லாத, வருடத்துக்கு இத்தனை கார்தான் என்று உரிமம் வாங்கிய, ஒவ்வொரு பாகமாக உள்ளூருக்கு மாற்றிக்கொண்டு வர வேண்டிய மதராஸ் தொழிற்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானம் வாய்த்திருக்காது. எங்கோ நடந்த சண்டையில் பிறந்த குறை இங்கே வசதியாகிவிட்டது. ரிப்பேர் ஷெட்காரர்களுக்கும் அப்படியே. இடித்து நசுங்கிய பகுதியை மட்டும், உடைந்த ஓட்டை உருவிப் புது ஓடு செருகுவதுபோல, கழற்றி மாற்றலாம். அடியில் சேஸிஸ் நேராக இருந்தால் போதும்.

பானெட்டைப் பற்றிச் சொல்லாமல் ஹெரால்டைப் பற்றிச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளை விடுவித்தால் மட்கார்டுகள், விளக்குகள் எல்லாம் சேர்ந்த மொத்த முன்பக்கமும் முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சினும் முன் சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வால்வு அட்ஜஸ்ட் செய்யலாம். முதுகு வலிக்காமல் வேலை பார்க்க முடிந்த ஒரே கார் என்று அந்தக் காலத்து ஷெட்களில் அதற்குப் பெயர். அடுத்தது திரும்பும் வட்டம். சுமார் 25 அடிக்குள் ஒரு முழு வட்டம் போட்டுவிடும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளில் அம்பாசடர்காரர் ரிவர்ஸ் போட்டு வியர்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஹெரால்டுக்காரர் ஒரே ஒடிப்பில் திரும்பிப் போய்விடுவார். ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங் என்பதால் கைக்கும் இலகு.

எஞ்சின் 948 சி.சி., ஏறக்குறைய 35 குதிரைத்திறன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு எயிட்டுக்காக 803 சி.சி.யில் புதிதாக வடித்து, பிறகு டென் காருக்காகப் பெரிதாக்கியது. இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்சின் 1147 சி.சி. ஆனது, 1296 ஆனது. மதராஸ் ஹெரால்டு மட்டும் கடைசிவரை 948ஐ விட்டு நகரவில்லை. சின்ன எஞ்சின், லேசான வண்டி. குடும்பமாக ஆறு பேர் ஏறாதவரை பிரச்சினை இல்லை.

ஆறு பேர் ஏறினார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

ஹெரால்டுக்கு நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தொங்கல். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உருளை ஆக்சில் கிடையாது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு அரை ஆக்சில்கள், தலா ஒரு ஜாயின்டில் ஆடும். அவற்றின்மேல் குறுக்காகக் கிடக்கும் ஒற்றைக் கமான் பட்டை. ஏட்டில் இது முன்னேறிய அமைப்பு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதற்குத் தெரியாது. ஆனால் பின் சீட்டில் பாரம் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, சக்கரங்கள் மேலே உள்வாங்கி, கீழே விரிந்து நிற்கும். டயர் உள்விளிம்பில் தேயும். ஆள் இறங்கி வண்டி லேசானால் எதிர்ப்பக்கம். வேகமாக வளைவெடுக்கும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். நம் சாலைகளில் ஜாயின்டுகளும் அரை ஆக்சில்களும் அடிக்கடி போயின. 1958இல் கேப்டவுனிலிருந்து டாஞ்சியர் வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே ஓட்டிப் பரிசோதித்த கார்தான் இது. பயணம் வேறு, தினம் தினம் பாரம் இழுப்பது வேறு.

மதராஸ் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு கதவுக் காருக்குள் பின்னால் ஏறி இறங்கப் பாட்டிகள் படும் அவஸ்தை இந்தியாவில் மட்டும் உண்டான பிரச்சினை. எனவே 1968இல் ஹெரால்டு மார்க் 3 நான்கு கதவுகளோடு வந்தது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு எந்தக் காலத்திலும் விற்றதில்லை. துண்டு துண்டாகச் செய்த கூடாக இருந்ததால்தான் இந்த மாற்றம் ஒரு சின்னத் தொழிற்சாலைக்குக் கைகூடியது என்பது என் ஊகம். இங்கிலாந்தில் 1971இல் ஹெரால்டு நின்றுபோனது. கூட்டு ஒப்பந்தமும் முடிந்தது. 1972இல் இதே காரைத் திருத்தி, முகத்தை மாற்றி, கெஸல் என்று பெயரிட்டார்கள். பின்னால் இருந்த ஆடும் ஆக்சிலைத் தூக்கிவிட்டு ஒரே உருளை ஆக்சிலைப் பூட்டினார்கள். மெக்கானிக்குகள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

இதை நான் மதராஸின் தனிக் கையெழுத்து என்று நினைக்கிறேன். வந்த காரை அப்படியே அடித்து விற்காமல், ஓடும் ஊருக்கு ஏற்ற மாதிரி இரண்டு முறை மாற்றினார்கள். ஆனால் கெஸல் சொற்ப எண்ணிக்கையில்தான் வந்தது. உரிமம் கைவிட்டுப் போகாமல் இருக்கவே அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. காரின் விலையை அரசாங்கமே நிர்ணயித்த காலம் அது. கட்டுபடியாகவில்லை என்று கார் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1971இல் தீர்ப்பும் வாங்கின. எழுபதுகளின் பிற்பகுதியில் பெருங்களத்தூரில் கார் நின்றுபோனது. ஸ்டாண்டர்டு 20 வேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இரண்டாவது காருக்கு வருவோம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்து ஆட்டத்தின் விதியையே மாற்றியது. அடுத்த வருடம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவை இறக்கியது. 1985இல் பிரீமியர் தன் 118 என்.ஈ.யை இறக்கியது. அதே வருடம் ஸ்டாண்டர்டும் களத்துக்குத் திரும்பியது. (1985தான் வண்டலூர் உயிரியல் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்துவைத்த வருடமும். புலி பார்க்கப் போனவர்கள் வழியில் புதுக் காரையும் பார்த்திருக்கலாம்.) திரும்பி வந்தபோது கையில் இருந்தது சின்னக் கார் இல்லை. ரோவர் எஸ்.டி.1.

ரோவர் எப்படி இங்கே? பழைய உறவுதான். 1961இல் கவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு–டிரையம்பை லேலண்டு விழுங்கியது. அன்றிலிருந்து நம் ஊரின் வடக்கே எண்ணூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டும், தெற்கே பெருங்களத்தூரும் ஒருவகையில் பங்காளிகள். 1967இல் லேலண்டு ரோவரையும் வாங்கியது. மறு வருடம் எல்லாம் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்டு ஆயின. அந்தக் கூட்டுக் குடும்பத்தின் பெரிய காராக 1976இல் வெளிவந்தது எஸ்.டி.1. உருவம் டேவிட் பாக், பொறியியல் ஸ்பென் கிங். நீண்ட தாழ்ந்த மூக்கு, சரிந்து போய் டிக்கியோடு கலக்கும் முதுகு, மேல்நோக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு. ஃபெராரி டேடோனாவைப் பார்த்து வரைந்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் அதற்குக் கிடைத்தது. மூக்குக்குள் 3,528 சி.சி. அலுமினிய வி8 எஞ்சின், 155 குதிரைத்திறன். பெயிண்ட் உரிவது, துரு, வேலைநிறுத்தம் என்று அங்கே அது பட்ட பாடு தனிக் கதை.

உள்ளே ஒரு சின்னச் சாமர்த்தியம் உண்டு. டாஷ்போர்டின்மேல் மீட்டர்கள் தனிப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும். இடப்பக்க ஸ்டீயரிங் நாடுகளுக்கு அந்தப் பெட்டியை அப்படியே மறுபக்கம் தூக்கி வைத்துவிடலாம். ஸ்டீயரிங் தண்டு நுழையும் ஓட்டை இன்னொரு பக்கத்தில் காற்றுத் துவாரமாகிவிடும். பயணியின் முகத்துக்கு நேரே ஒரு துவாரம் பார்த்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான்.

மதராஸில் வி8 என்பது நடக்கிற காரியமா? எண்பதுகளில் ஒரு புது எஞ்சினை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அந்நியச் செலாவணி வேண்டும், உரிமம் வேண்டும், பிறகு அதை உள்ளூர்மயமாக்க முதலீடு வேண்டும். பெருங்களத்தூரில் வார்க்கத் தெரிந்த, பாகம் கிடைக்கிற பெரிய பெட்ரோல் எஞ்சின் ஒன்றே ஒன்றுதான். போன வாரம் பார்த்தோமே, 1947இன் வேன்கார்டு எஞ்சின். அதன் 1991 சி.சி. வடிவத்தை, கம்ப்ரஷனைக் குறைத்து, ரோவரின் நீண்ட மூக்குக்குள் பூட்டினார்கள். 83 குதிரைத்திறன், நான்கு கியர். அடியைச் சற்று உயர்த்தினார்கள். பெயர் ஸ்டாண்டர்டு 2000.

இந்த எஞ்சினைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கவென்ட்ரியில் இதே வம்சத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. சிலிண்டர் விட்டத்தை 83 மி.மீ. ஆக்கிய 1991 சி.சி. வடிவம் டிரையம்ப் டி.ஆர்.2 பந்தயக் காரில் ஏறி 1954இல் ஆர்.ஏ.சி. ராலியை வென்றது. மார்கன் கம்பெனியும் வாங்கிப் போட்டது. அதன் பலம் ஈர லைனர். சிலிண்டர் சுவர் பிளாக்கோடு ஒட்டியது கிடையாது. தனிக் குழாயாக இறங்கியிருக்கும், சுற்றிலும் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் ரீபோர் செய்யத் தேவையில்லை. பழைய லைனரை உருவிவிட்டுப் புதியதை இறக்கினால் எஞ்சின் மறுபடி கன்னி. வயலிலும் கிராமத்து ஷெட்டிலும் வாழப் பிறந்த எஞ்சின் அது.

ஆனால் அதன் சொந்த ஊரிலேயே டி.ஆர். கார்களில் அது 1967இல் ஓய்வு பெற்றுவிட்டது. இங்கே 1985இல், இரண்டு லட்சத்துக்கு மேல் விலை சொன்ன காருக்குள் உட்கார்ந்திருந்தது. கனத்த வார்ப்பிரும்பு. 4.7 மீட்டர் நீளமுள்ள பெரிய உடலை இழுக்க 83 குதிரை. முடுக்கினால் சத்தம் கூடும், வேகம் ஆற அமரத்தான் கூடும். பெட்ரோல் குடிப்பதில் மட்டும் அவசரம். மாருதிக்காரர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த வருடங்களில், மைலேஜ் பேச்சு எழுந்தால் 2000க்காரர் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு கார்களையும் இப்போது பக்கத்தில் நிறுத்துங்கள். எது புதியது?

உடலைப் பார்த்தால் சந்தேகமில்லை. ஹெரால்டுக்கு அடியில் தனி சேஸிஸ், 2000க்கு ஒரே கூடாகப் பற்றவைத்த மோனோகாக். பானெட்டைத் திறந்தால் கதை தலைகீழ். 1961 காரில் இருப்பது ஐம்பதுகளில் பிறந்த எஞ்சின். 1985 காரில் இருப்பது நாற்பதுகளில் பிறந்தது. அண்ணனுக்குள் தம்பியின் இதயம், தம்பிக்குள் அண்ணனுடையது. பின்பக்கம் குனிந்து பார்த்தால் இன்னும் குழப்பம். பழைய காரில் சுதந்திரமாக ஆடும் அரை ஆக்சில்கள். புதிய காரில் உருளை ஆக்சில். ஸ்பென் கிங் அதைத் தெரிந்தே வைத்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முந்தைய ரோவரின் சிக்கலான பின் ஆக்சிலைக் கண்டு சலித்தவர், எளிமையாக வைத்து, நன்றாக அமர்த்தினால் போதும் என்று முடிவெடுத்தார். எஸ்.டி.1க்கு நான்கு வருடம் முன்பே கெஸலில் மதராஸ் வந்து சேர்ந்த முடிவும் அதுதான்.

2000ஐக் கேலி செய்து பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். டிராக்டர் எஞ்சின் போட்ட ரோவர் என்ற ஒரு வரியே போதுமானதாக இருந்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கையில் இருந்த எஞ்சினைப் போட்டது தப்பில்லை. இருபது வருடமாக இந்த நாட்டில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். தப்பு, அந்த எஞ்சினுக்கு எந்த உடலைத் தேர்ந்தெடுத்தோம் என்பதில். ஹெரால்டு வந்தபோது சின்னப் பட்டறைக்கு ஏற்ற கட்டுமானம், சின்ன எஞ்சினுக்கு ஏற்ற எடை, மதராஸ் சந்துக்கு ஏற்ற வட்டம் என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. பாதி தற்செயல், பாதி உழைப்பு. குறை என்று வந்ததை மாற்றப் பத்து வருடமும் கிடைத்தது. 2000க்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நான்கு கதவும் புது ஆக்சிலும் கண்டுபிடித்த கைகள் அதை என்ன செய்திருக்கும் என்று நாம் பார்க்கவே இல்லை. அதன் தாய்க்கார் 1986இல் பிரிட்டனில் நின்றது. 1988இல் பெருங்களத்தூர் தொழிற்சாலை மூடப்பட்டது.

இன்று எது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: ஹெரால்டு கிடைக்கும். பழைய கார் அணிவகுப்பு எதற்குப் போனாலும் ஒன்றிரண்டு நிற்கும். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பொறுமையாகத் தேடினால் பாகமும் அகப்படும். கிடைக்காததை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். டிரையம்ப் பிரியர்களுக்கென்றே அங்கே கடைகள் இருக்கின்றன. 2000 அரிது.

ஆனால் அதன் பாகங்கள் வேறொரு பயணம் போயின. மூடிய தொழிற்சாலையின் கிடங்கில் எஸ்.டி.1 பாகங்கள் பயன்படாமல் குவிந்து கிடந்தன. பிரிட்டனில் ரோவர் உதிரிபாகம் விற்கும் ஒரு வியாபார நிறுவனம் அவற்றை வாங்கிக் கப்பலில் ஏற்றியது. தங்கள் வி8 ரோவர்களைப் பழுதுபார்த்து வைத்திருக்கும் அங்கத்திய ஆர்வலர்கள் சிலரின் கார்களில் இன்றைக்கும் பெருங்களத்தூர்ச் சரக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே தொழிற்சாலை இருந்த நிலத்தில் இப்போது ஐ.டி. பூங்கா.

அடுத்த வாரம் ஊரின் வடக்கு முனைக்குப் போவோம். லாரிக்குப் பேர்போன எண்ணூர், லாரி செய்வதற்கு முன்பு கார் செய்தது. ஆஸ்டின் ஏ40 அசோக் மோட்டார்ஸுக்கு வந்து சேர்ந்த கதை.

(தொடரும்)